பீடி வாங்கிக் கொடுப்பது தர்மமா?



முசிறி பேருந்து நிலையத்தில் விடியற்காலை டீக்கடை வாசலில் நிற்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சடை விழுந்த தலையும் அழுக்கேறிய சட்டையுமாக ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டே வருவார். காசு கேட்க மாட்டார். இரண்டு விரலை உதட்டருகே வைத்துக் காட்டுவார். துறையூர் பஸ்ஸுக்கோ நாமக்கல் பஸ்ஸுக்கோ காத்திருக்கும் யாராவது இரக்கப்பட்டு ஒரு பீடியை எடுத்துக் கொடுத்து, தாமே தீக்குச்சியும் கிழித்துப் பற்ற வைப்பார். பக்கத்தில் நிற்பவர், "பாவம், அவனுக்கு வேற என்ன சொகம் இருக்கு?" என்பார். கொடுத்தவர் ஒரு நல்ல காரியம் செய்த மனநிறைவோடு பஸ் ஏறுவார். முசிறியில்தான் என்றில்லை, குளித்தலையிலும் தொட்டியத்திலும் எந்த ஊர் பேருந்து நிலையத்திலும் இதே கதைதான்.

அன்புக்கொடி மக்களே, அந்த மனிதர் கெட்டவர் அல்லர். விழுந்து கிடப்பவனைத் தாங்க வேண்டும் என்று காதில் கேட்டு வளர்ந்த மண்ணில், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் கொடுப்பதெல்லாம் தர்மம் ஆகுமா என்பதுதான் கேள்வி. பசித்தவனுக்கு ஒரு கை சோறு போட்டால் அந்தப் பசி ஆறுகிறது. மறுபடி பசிப்பது உடம்பின் இயற்கை. நேற்றுப் போட்ட சோறு இன்றைய பசியை உண்டாக்கவில்லை. பீடி அப்படியல்ல. இன்றைக்கு அவர் விரலை உதட்டில் வைத்துக் கேட்கக் காரணம் நேற்றுக் கிடைத்த பீடி. இன்று கொடுத்த பீடி நாளைய தவிப்புக்கு விதை. அப்படியானால் கொடுத்தவர் தணித்தது எதை, வளர்த்தது எதை?

இதையே வேறு விதமாகவும் கேட்கலாம். வீடும் இல்லாமல், மனமும் கையில் இல்லாமல் இருக்கும் ஒருவனிடம், "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லி அவனுக்கு மிஞ்சிய ஒரே ஆறுதலையும் பறிப்பது எந்த தர்மத்தில் சேர்த்தி? இந்த இரண்டாவது கேள்வியைத் தட்டிக் கழித்துவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது எளிது. புகையிலை ஒழிப்புப் பேச்சுகள் பல அப்படித்தான் போய்விடுகின்றன.

முசிறிப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட வீடு எல்லாக் கிராமத்திலும் உண்டு. அக்கா கோரைப்பாய் நெய்கிறவர். மாமா வாழைத்தார் ஏற்றும் வேலை. அக்காவின் தம்பிக்கு நாற்பது வயது. இருபத்தைந்து வயதிலிருந்து மனச்சிதைவு நோய். காதில் யாரோ பேசுவதாகச் சொல்வார். மாத்திரை சாப்பிட்டால் அந்தக் குரல் அடங்கும், ஆனால் உடம்பு கனத்துப்போகும். வேலைக்குப் போவதில்லை. நாள் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பீடி. ஒரு நாள் அக்கா கட்டோடு பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். அன்று இரவு தம்பி தூங்கவில்லை. மறுநாள் கதவை உதைத்தார், அழுதார், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்றார். மூன்றாம் நாள் அக்காவே கடைக்கு ஆள் அனுப்பி ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தார். தம்பி ஒன்றைப் பற்ற வைத்தார், ஐந்து நிமிடத்தில் சாதுவாகிவிட்டார். தெருவே பார்த்துச் சொன்னது: "பாத்தியா, அவனுக்கு பீடிதான் மருந்து."

தெரு கண்ணால் கண்டதைச் சொன்னது, கண்டது தவறில்லை. ஆனால் அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

புகையிலையில் இருப்பது நிக்கோடின். புகையாக இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஊசியில் ஏற்றினால்கூட அத்தனை வேகம் இல்லை. அங்கே போய் டோபமின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது. நல்ல சாப்பாட்டுக்கும் குழந்தையின் சிரிப்புக்கும் சுரக்கிற அதே பொருள். பழகப் பழக, நிக்கோடினை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் மூளையில் பெருகிவிடுகின்றன. வாசல் பெருகினால் கேட்கும் வாயும் பெருகும். இரத்தத்தில் ஏறிய நிக்கோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறைந்ததும் அந்த வாசல்கள் கூச்சல் போடும். எரிச்சல், பதற்றம், நிலைகொள்ளாமை, ஒரு வேலையிலும் மனம் நிற்காமை, தூக்கக் கேடு, காரணமில்லாத சோகம், அகோரப் பசி எல்லாம் வரும். நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்குவது இதன் வழக்கம்.

அந்த வீட்டில் நடந்ததை இதோடு வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அக்கா பீடியைத் திருப்பிக் கொடுத்தது மூன்றாம் நாள், அதாவது தவிப்பு உச்சியில் நின்ற நாள். தெரு பார்த்த அமைதி, பீடி உண்டாக்கிய தவிப்பைப் பீடியே அடக்கியதால் வந்தது. ஊரில் தண்டல்காரரிடம் கடன் வாங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். காலையில் வந்து வாங்கிக்கொண்டு போவார், மாலையில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கடனாகக் கொடுப்பார், வாங்குகிறவர் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். கொடுத்த கை எது என்று தெரிகிறது, எடுத்த கையும் அதுதான் என்பது தெரிவதில்லை.

மனநோய் இல்லாதவர்களுக்கும் இதே கணக்குதான். "டென்ஷனுக்குத்தான் அடிக்கிறேன்" என்று சொல்லாத புகைக்காரர் உண்டா? ஆனால் புகையை விட்டவர்களின் மனம் விடாதவர்களின் மனத்தைவிட எப்படி இருக்கிறது என்று 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. அந்தக் குறைவு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளின் பலனுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. முன்பே மனநோய் இருந்தவர்களுக்கும் அப்படியே. இதனால் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மனத்துக்கு மருந்து என்று நம்பிப் பிடித்த பீடியே மனத்தின் பாரத்தில் ஒரு பங்கு என்றுதான் இதற்குப் பொருள்.

இந்த மண்ணுக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு பழையது. உறையூரில் சுருட்டிய திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டன் போனது. 1887ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். பெருமைதான்! ஆனால் பெருமைக்கு ஊர் பெயர் போதும், நுரையீரலையும் கொடுக்க வேண்டியதில்லை. இப்போது சுருட்டு போய் பீடியும் சிகரெட்டும் பாக்கெட் போயிலையும் வந்துவிட்டன. 2009-10ல் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 16 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை எடுத்தார்கள். 2016-17ல் எடுத்த கணக்கில் அது 20 ஆகிவிட்டது. பீடி இலையில் சுற்றியது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அது அணைந்து அணைந்து போவதால் அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. இழுப்பு கூடினால் உள்ளே போகிற விஷமும் கூடுகிறது.

மனநோய் உள்ளவர்கள் ஏன் அதிகம் புகைக்கிறார்கள் என்று மேல்நாட்டு மருத்துவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அமெரிக்காவில் மனச்சிதைவு நோயாளிகளில் பாதிக்கும் மிக அதிகமானோர் புகைக்கிறவர்கள். நோயே மூளையை அப்படிக் கேட்க வைக்கிறது, நிக்கோடின் சிதறிய கவனத்தைச் சற்று நேரம் கூட்டிக் கொடுக்கிறது, மாத்திரையின் பாரத்தைப் புகை குறைக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2002ல் சென்னையில் மருத்துவர் ஸ்ரீனிவாசனும், ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் தாராவும் 286 ஆண் நோயாளிகளிடம் விசாரித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே புகைத்தவர்கள் 100க்கு 38 பேர்தான். ஊரில் நோயில்லாத ஆண்கள் புகைக்கிற அளவைவிட அது அதிகமில்லை. அதே நோய், அதே மனித மூளை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நோயாளியின் கையில் காசு இல்லை. காசு குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பமும் மருத்துவமனையும் புகைக்க விடுவதில்லை. எல்லாமே உடம்பின் வேலை அல்ல என்று அந்த மருத்துவர்கள் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

மேல்நாட்டில் நடந்தது நேர்மாறு. அங்கே பல மனநல மருத்துவமனைகளில் நோயாளி சொன்னபடி கேட்டால் பரிசாக சிகரெட் கொடுத்த காலம் உண்டு. படுக்கையை மடித்து வைத்தால் ஒன்று, சண்டை போடாமல் இருந்தால் ஒன்று. அடக்கி வைப்பதற்கு அது வசதி. அடக்கிய கைகள் இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டன. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பாலான சாவு இதயத்தாலும் நுரையீரலாலும் வருவது. பித்துப் பிடித்ததால் வருவது அல்ல. அந்தச் சாவுகளில் புகைக்கு உள்ள பங்கு பெரிது. "வேற என்ன சொகம் இருக்கு" என்று பீடி நீட்டுகிற கை, அவனுக்கு வாழ்நாள் எதற்கு என்று கேட்காமல் கேட்கிறது. சொந்த மகனாக இருந்தால் அந்தச் சொல் வாயில் வருமா?

அப்படியானால் குடும்பம் பிடித்து வைப்பதுதான் சரி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். பிடித்து வைப்பது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த மாநிலமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர், நன்மைக்குத்தான் செய்கிறோம் என்று நம்பியவர்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்போது சொல்கிறது. காசைக் கொடுக்காமல் இருப்பதும் பீடியை அடுப்பில் போடுவதும் சங்கிலி அல்லதான். ஆனால் அவனைக் கேட்காமல், அவனுக்குச் சொல்லாமல், அவன் தலைக்கு மேலேயே முடிவெடுக்கிற பழக்கம் இரண்டிலும் ஒன்று. ஒருவனுக்கு நோய் வந்துவிட்டால் அவன் சொல்லுக்கு மதிப்பு போய்விடுகிறது. "எனக்கு வேணும்" என்று அவன் சொல்லும்போது கேட்பது பீடியா அவனா என்று பிரித்துப் பார்ப்பது சரிதான். அந்தக் கேள்வியை நோயில்லாதவனிடமும் கேட்க வேண்டும் அல்லவா?

தம்பி அதைத்தான் ஒரு நாள் கேட்டுவிட்டார். அக்கா அவரைக் கண்டித்துக்கொண்டிருக்கும்போது மாமா வாசலில் நின்று சிகரெட் பற்ற வைத்தார். தம்பி சொன்னார்: "மாமா குடிக்கிறாரு, அவரை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற. எனக்குப் பைத்தியம், அதனால நான் மட்டும் விடணுமாக்கா?" அக்காவுக்குப் பதில் வரவில்லை. மாமா, "அவன் கிடக்கான்" என்று சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். கையிலிருந்த சிகரெட்டை மட்டும் கீழே போடவில்லை. உழைத்துச் சம்பாதிக்கிறவன் புகைத்தால் அது அவன் உரிமை, உழைக்க முடியாதவன் புகைத்தால் அது குற்றம் என்பது எந்த நீதி? நிக்கோடின் இருவர் மூளையிலும் ஒரே வாசலில்தான் நுழைகிறது. மூத்தவர் புகைத்துக்கொண்டே இளையவனைத் தடுத்தால் அவனுக்கு எட்டுவது ஒன்றுதான்: தன்னை இந்த வீட்டில் ஒரு ஆளாக எண்ணவில்லை என்பது. நிழல்தாங்கலுக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்து பணிவிடை முடித்து, வெளியே போய் பெட்டிக்கடை ஓரம் நிற்கிறவர்களும் இந்தத் தம்பியின் கேள்வியை ஒரு முறை காதில் வாங்கலாம்.

இன்னொரு விஷயம், குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இருக்கின்றன. க்ளோசபின், ஓலான்சபின் என்று சீட்டில் எழுதியிருக்கும். புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி இந்த மாத்திரைகளை வேகமாகக் கரைத்துவிடும். இது நிக்கோடினின் வேலை அல்ல, எரிந்த புகையின் வேலை. ஆகவே புகைக்கிறவருக்கு அந்த மருந்து அதிகம் தேவைப்படலாம். திடீரென்று புகையை நிறுத்தினால் கல்லீரல் சில நாளில் பழைய வேகத்துக்குத் திரும்பும். அதே அளவு மாத்திரை அப்போது இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். தள்ளாட்டம், அளவுக்கு மிஞ்சிய தூக்கம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். பீடியை நிறுத்தியதால் ஆள் மோசமாகிவிட்டான் என்று குடும்பம் நினைக்கும். உண்மையில் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருந்திருக்கும். அக்கா அடுப்பில் போட்டது அன்பினால்தான். ஆனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டது ஆபத்து. மறுபுறமும் உண்டு: புதிதாகப் பீடியைக் கூட்டிக்கொண்டவருக்கு மாத்திரை எட்டாமல் குரல்கள் திரும்பலாம். அதனால் எத்தனை பீடி என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்திதான். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

உதவி தூரத்தில் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் 1997ல் தொடங்கியதே திருச்சி மாவட்டத்தில்தான். சென்னைக்குப் போகாமல் ஊர்ப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மனநோய்க்கு மருந்து கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800 11 2356 என்ற கட்டணமில்லாத எண் சிகரெட், பீடிக் கட்டுகளிலேயே அச்சாகிறது. பீடி வாங்குகிறவர்கள் தினமும் கையில் பிடித்திருந்தும் படிக்காத எண் அது. மனக்கஷ்டத்துக்கு 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நிக்கோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. தவிப்பைப் படிப்படியாகக் குறைப்பதற்கு. மாத்திரைகளும் உண்டு. அவை மனநோயாளிகளுக்கு ஆகாது என்ற பயம் முன்பு இருந்தது. மனநோய் உள்ளவர்கள் நாலாயிரம் பேரையும் சேர்த்து எட்டாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2016ல் வந்த பிறகு அந்தப் பயம் குறைந்திருக்கிறது. இவற்றில் எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

பேருந்து நிலையத்தில் விரலைக் காட்டுகிறவருக்கு என்ன செய்வது? அவருக்கு அக்கா இல்லை, மாத்திரைச் சீட்டு இல்லை. ஒரு பீடி மறுத்துவிட்டால் அவர் திருந்திவிடப் போவதும் இல்லை. அடுத்த ஆளிடம் போவார். வெறும் மறுப்பும் தர்மம் ஆகாது. பீடி கொடுப்பதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம். உட்காரவைத்து ஒரு டீயும் இரண்டு இட்லியும் வாங்கிக் கொடுத்து, பெயரைக் கேட்பதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம். பலர் பீடியைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒன்பதரை நிமிடமும் ஒரு காரணம். அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அவர் போய்விடுவார். புகைப் பழக்கத்துக்குள் நிக்கோடின் மட்டும் இல்லை, ஆள் இல்லாத நேரமும் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை பேச ஒரு ஆள் கிடையாது. பீடி பற்ற வைப்பது ஒன்றுதான் அவர் நாளில் நடக்கிற காரியம். அதைப் பறித்தால் அந்த ஒன்பது மணி நேரத்தில் எதை வைப்பது என்பதை அக்கா யோசிக்கவில்லை, மாமா யோசிக்கவில்லை, தெருவும் யோசிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அக்கா தம்பியை முசிறி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மாமாவும் வந்தார், பைக் ஓட்டுவதற்கு என்று சொல்லிக்கொண்டு. மாத்திரைச் சீட்டைப் பார்த்த மருத்துவர், ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டார். "பத்து இருக்கும் சார்" என்றார் அக்கா. பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பி தலையை நிமிர்த்தி, "இல்லக்கா, இருபத்தி ரெண்டு" என்றார். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு அக்காவை விட்டுத் தம்பியின் பக்கம் திரும்பி, முதல் பீடி காலையில் எப்போது, எது ரொம்பக் கஷ்டமான நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தம்பி யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். மத்தியானம் மூணு மணிக்கு மேல் எல்லாரும் வேலைக்குப் போய்த் தெரு வெறிச்சென்று கிடக்கும், அப்போதுதான் என்றார். சுவரில் சாய்ந்து நின்ற மாமாவிடமும் மருத்துவர் கேட்டார்: "நீங்க எத்தனைங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார். பிறகு, "எட்டு" என்றார்.

இப்போது மூன்று மணிக்குப் பிறகு தம்பி அக்காவுக்குக் கோரை நனைத்துக் கொடுக்கிறார். பீடி பன்னிரண்டில் நிற்கிறது. மாமாவுடையது ஆறு.